மலிவான பெட்ரோல் மல்டி டூல் வீட்டுத் தோட்டத்துக்குச் சரிவருமா?

ஒரே இன்ஜின்தான். தலையை மாற்றினால் புல் வெட்டலாம், வேலிச் செடியைக் கத்தரிக்கலாம், உயரக் கிளையை அறுக்கலாம். விலையும் குறைவு என்றால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் வீட்டைச் சுற்றி நாலைந்து சென்ட்தான் இடம் என்றால் வேண்டாம் என்பேன். கரண்டிலோ பேட்டரியிலோ ஓடும் சின்னக் கருவி போதும். புதர் மண்டிய அரை ஏக்கர் இருந்தால் சரி, வாங்கலாம்.

இவற்றில் பெரும்பாலும் டூ ஸ்ட்ரோக் இன்ஜின். பெட்ரோலில் 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கான ஆயில்) கலந்தே ஊற்ற வேண்டும். கையேட்டில் 25:1 என்றிருந்தால் லிட்டருக்கு 40 மில்லி, 40:1 என்றால் 25 மில்லி. வெறும் பெட்ரோலில் ஓட்டினால் பிஸ்டன் சிராய்த்து இறுகிவிடும்.

உண்மையான தொல்லை, சும்மா வைத்திருக்கும்போதுதான். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். நாள்பட்டால் கார்புரேட்டரில் பிசுக்காகப் படியும், உள்ளே இருக்கும் டயாப்ரம் என்ற மெல்லிய சவ்வும் விறைத்துப்போகும். மழை ஓய்ந்து புல் முழங்கால் உயரம் நிற்கிற அன்றைக்குப் பார்த்து, எத்தனை முறை கயிற்றை இழுத்தாலும் ஸ்டார்ட் ஆகாது. அதனால் எடுத்து வைக்கும் முன் டேங்கைக் காலி செய்துவிட்டு, இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிடுங்கள்.

அப்புறம், கார்புரேட்டரும் ஸ்டார்ட்டரும் உங்கள் ஊர்க் கடையில் கிடைக்குமா என்று முதலிலேயே கேளுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி, ஷூ இல்லாமல் தொடவே வேண்டாம். பிளேடில் பட்ட கல் எங்கே பறக்கும் என்று சொல்ல முடியாது. குழந்தைகள் 15 மீட்டராவது தள்ளி இருக்கட்டும்.