தடித்த தகட்டில் மெல்லிய குழாய்: டிக் வெல்டிங்கில் அண்டர்கட்டைத் தவிர்க்கும் முறை

மாடிப்படிக் கைப்பிடிக்காக 1.5 மி.மீ. சுவருள்ள ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாயை 6 மி.மீ. பேஸ் பிளேட்டின் மேல் நிறுத்தி டிக் முறையில், அதாவது டங்ஸ்டன் மின்முனையிலிருந்து எழும் மின்பொறியால் உருக்கிப் பற்றவைக்கும்போது, பற்றின் மேல் விளிம்பை ஒட்டிக் குழாயைச் சுற்றி ஒரு பள்ளம் விழுவதுண்டு. குழாயின் உலோகம் உருகி இறங்கிய இடத்தை ஃபில்லர் (பற்றில் சேர்க்கும் நிரப்பு உலோகம்) நிரப்பாமல் விடுவதால் ஏற்படும் இந்த அண்டர்கட் 0.5 மி.மீ. ஆழம் இருந்தாலே சுவரில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. கைப்பிடியில் ஒருவர் சாயும்போது வளைவு விசை மிகுதியாகத் தாக்குவதும் அதே வட்டத்தில்தான்.

பள்ளத்தைக் கண்டதும் பலர் கரண்டைக் குறைக்கிறார்கள். இரு பக்கமும் ஒரே தடிமனாக இருந்தால் அது பெரும்பாலும் பலன் தரும். இங்கே நிலைமையை மோசமாக்கவே செய்யும். தடித்த தகடு வெப்பத்தை விரைவாக உள்ளிழுத்துக்கொள்வதால், கரண்ட் குறைந்ததும் அது உருக மறுக்கிறது. அது உருகட்டும் என்று வெல்டிங் டார்ச்சை அங்கேயே நிறுத்திக் காத்திருக்கும் நேரத்தில், வெப்பம் போக வழியற்ற மெல்லிய சுவர் கரைந்துவிடுகிறது. ஆகவே கரண்டைத் தகட்டுக்கு ஏற்ப வைத்துக்கொண்டு, ஆர்க்கை (மின்பொறியை) குழாயிடமிருந்து விலக்கி வைப்பதே சரியான வழி. இந்த வேலைக்கு 1.6 மி.மீ. டங்ஸ்டனுடன் 90 முதல் 110 ஆம்பியர் வரை வைத்துத் தொடங்கலாம்.

குழாயின் முனை நேராக வெட்டப்பட்டு, தகட்டில் இடைவெளியின்றி உட்கார வேண்டும். இடைவெளி இருந்தால் உருகிய உலோகம் அதற்குள் இறங்கி, மேல் விளிம்பு வெறுமையாகிவிடும். அதை டார்ச் பிடிக்கும் திறமையால் ஈடுகட்ட முயல்வது வீண்வேலை.

டார்ச்சை 45 பாகையில் பிடிக்காமல் சற்று நிமிர்த்தி, டங்ஸ்டன் முனை தகட்டை நோக்கும்படி வைத்து, வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தகட்டுக்குச் செல்லுமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். உலோகக் குழம்பு முதலில் தகட்டில் உருவாகட்டும். அது பளபளத்துப் பரவியதும், அதன் ஓரம் குழாயைத் தொடுமளவுக்கு மட்டும் முனையை மெல்ல நகர்த்தினால் போதும். ஆர்க்கின் நீளம் டங்ஸ்டனின் விட்டத்தைத் தாண்டக் கூடாது, ஏனெனில் நீண்ட ஆர்க் அகலமாக விரிந்து, ஃபில்லர் எட்டாத உயரத்திலும் சுவரை உருக்கிவிடும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கான 308எல் ஃபில்லர் ராடைக் குழம்பின் நடுவிலோ அடியிலோ கொடுக்காமல், குழாயை ஒட்டிய மேல் விளிம்பிலேயே தொட்டுக் கொடுக்க வேண்டும். குழம்பு எப்படியும் கீழ்நோக்கி வழியும் என்பதால் மேலே கொடுத்த உலோகம் அடிவரை நிரவிக்கொள்ளும். அதோடு, குளிர்ந்த ராடு அந்த விளிம்பின் வெப்பத்தையும் ஓரளவு தணிக்கும். மேல் விளிம்பு நிரம்பியதைக் கண்ட பிறகே டார்ச்சை நகர்த்த வேண்டும்; கை முந்திக்கொண்டால், மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் பள்ளம் விழும்.

குழாய் சூடேறச் சூடேறச் சுவர் எளிதாக உருகும் என்பதால், வட்டத்தை ஒரே மூச்சில் முடிக்காமல் எதிரெதிர்க் கால் பகுதிகளாகப் பற்றவைத்து இடையில் ஆறவிடுவது நல்லது. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் ஃபில்லர் கொடுத்தபடியே கரண்டைப் படிப்படியாக இறக்க வேண்டும்; கரண்டைக் கட்டுப்படுத்தும் கால் பெடல் இல்லாத இயந்திரத்தில், கரண்டைத் தானாக இறக்கும் டவுன்ஸ்லோப் அமைப்பு இதைச் செய்யும்.

இவ்வளவுக்குப் பிறகும் பள்ளம் விழுந்திருந்தால் கிரைண்டரால் தேய்த்து மறைக்கக் கூடாது, தேய்க்கத் தேய்க்கச் சுவர் மேலும் மெலியும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பிரஷ்ஷால் சுத்தம் செய்து, கரண்டைக் குறைத்து, 1.2 மி.மீ. ராடால் அந்த விளிம்பை மட்டும் நிரப்ப வேண்டும். ராடு இல்லாமல் வெறுமனே மீண்டும் உருக்கினால் பள்ளம் இன்னும் ஆழமாகும்.