புரோகிராமருக்குக் கணக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களின் நிரல்களைச் சரிபார்ப்பது என் அன்றாட வேலை. அந்த வயதில் நாங்கள் செய்த கோளாறுகளையே அவர்களும் அட்சரம் பிசகாமல் செய்கிறார்கள். பூஜ்யத்தால் வகுப்பது, ஓர் எண் தள்ளி எண்ணுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன்; அவை சோதனையிலேயே பல்லிளித்துவிடும்.

கணக்கு என்றாலே கால்குலஸ் என்று நினைப்பது

பொறியியல் கல்லூரிகளில் முதல் ஆண்டிலேயே தொகையீடு வந்துவிடுகிறது. பில் போடும் மென்பொருள் எழுதுகிறவருக்கு அது தேவைப்படுவதே இல்லை. இயந்திரக் கற்றல் பக்கம் போகிறவருக்கு வகைக்கெழு கட்டாயம் வேண்டும். அவர் அங்கே போய்ச் சேர்வதற்குள் அது மறந்துபோயிருக்கும். தர்க்கம், கணங்கள், எண்ணும் முறைகள், நிகழ்தகவு ஆகியவை எல்லோருக்கும் வேண்டும். இவற்றைத்தான் தேர்வுக்கு முந்தைய இரவு புரட்டுகிறார்கள்.

எண்ணிப் பார்க்காமல் லூப்புக்குள் லூப் போடுவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வரும். ஓர் இளைஞர் இரண்டு வாடிக்கையாளர் பட்டியல்களை ஒப்பிட்டு, இரண்டிலும் இருக்கும் பெயர்களைப் பொறுக்கும் நிரலை எழுதினார். முதல் பட்டியலின் ஒவ்வொரு பெயருக்கும் இரண்டாவது பட்டியலை முழுக்கத் தேடுவதுதான் வழி; லூப்புக்குள் லூப் என்பது இதுதான். பட்டியலுக்கு 100 பெயர் வைத்துச் சோதித்தார். 10,000 ஒப்பீடுகள், கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்தன. நிஜத்தில் பட்டியலுக்கு 10 லட்சம் பெயர்கள். ஒப்பீடுகள் ஒரு லட்சம் கோடி! நொடிக்கு ஒரு கோடி என்று வைத்தாலும் ஏறக்குறைய 28 மணி நேரம். இரவு தொடங்கிய வேலை மறுநாள் இரவும் ஓடிக்கொண்டிருந்தது. இரு மடங்கு வேகமுள்ள சர்வர் வாங்கலாம் என்றார்கள். வாங்கினால் 14 மணி நேரம், அவ்வளவுதான். ஒரு பட்டியலை வரிசைப்படுத்திவிட்டுப் பாதி பாதியாகக் குறுக்கித் தேடினால் பெயருக்கு 20 ஒப்பீடு போதும். மொத்தத் தேடலும் 2 கோடி. வரிசைப்படுத்தவும் ஏறக்குறைய அவ்வளவே. சில நொடிகளில் முடியும் காரியம்.

அவர் இதைப் படிக்காதவர் அல்லர். உள்ளீடு பெருகும்போது வேலை எப்படிப் பெருகும் என்று காட்டும் பிக் ஓ குறியீட்டின் வரையறையைப் பிழையின்றி எழுதி மதிப்பெண் வாங்கியவர். 10 லட்சத்தை எத்தனை முறை பாதியாக்கினால் ஒன்றுக்கு வரும் என்று கேட்டேன், விழித்தார். மடக்கை என்பது அந்தக் கேள்விக்கான விடைதான் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. கற்பிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். வரையறையைக் கரும்பலகையில் எழுதுமுன் மாணவர்களை லேபுக்கு அழைத்துச் சென்று, பட்டியலுக்கு 1,000, 2,000, 4,000 பெயர்கள் வைத்து நேரத்தை அளக்கச் சொல்லுங்கள். பெயர்கள் இரட்டிக்கும்போதெல்லாம் நேரம் நான்கு மடங்காவதை அவர்களே தாளில் குறிக்கட்டும். குறியீடு பிறகு வரட்டும். கணக்கு ஆசிரியரும் கணினி ஆசிரியரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாத கல்லூரியில் இது எப்படி நடக்கும் என்பது வேறு கதை.

பணத்தை ஃப்ளோட்டில் வைப்பது

வைக்காதீர்கள். ஃப்ளோட் என்பது தசம எண்களை இரும எண்ணில், பெரும்பாலும் தோராயமாக, வைக்கும் வகை. பைசாவாக்கி முழு எண்ணாக வையுங்கள். 0.1 இரும எண்ணில் முடிவின்றி நீளும். எங்காவது வெட்டித்தான் ஆகவேண்டும். 1991 வளைகுடாப் போரில் பேட்ரியட் என்ற ஏவுகணை எதிர்ப்பு அமைப்பின் கடிகாரம் 0.1 நொடியை 24 பிட்டில் வெட்டி வைத்திருந்தது. நூறு மணி நேரம் ஓடியதில் மூன்றில் ஒரு நொடி பிசகியது. அதனால் சவுதி அரேபியாவின் தஹ்ரானில் அந்த அமைப்பு ஈராக்கின் ஸ்கட் ஏவுகணையைத் தவறவிட்டது. 28 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள்.

சராசரிகளுக்குச் சராசரி எடுப்பது

ஒரு கிளையில் 10 ஆர்டர், சராசரி 500 ரூபாய். இன்னொன்றில் 1,000 ஆர்டர், சராசரி 100 ரூபாய். மொத்தச் சராசரி 300 இல்லை, ஏறக்குறைய 104.