வெளிநாட்டில் டிஸ்க் மாற்றப் போகும் முன்: நம் பிள்ளைகள் செய்யும் தவறுகள்

போன மாதம் ஒரு சாயங்காலம், தமிழ்ப்பள்ளித் திடலில் பயிற்சி முடிந்து சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன். கபடி ஆடும் தம்பி ஒருவன், 22 வயது, கைப்பேசியை நீட்டினான். "அண்ணே, இதக் கொஞ்சம் பாருங்க." வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றின் ஏற்பாட்டாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தி. இடுப்பில் செயற்கை டிஸ்க் (டிஸ்க் என்பது முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் தட்டு), ஐந்து நாள் தங்கல், விமான நிலையத்திலிருந்து கார், மொத்தச் செலவு, கடைசியில் முன்பணம் கட்ட ஒரு வங்கிக் கணக்கு எண்.

2014-ல் எனக்கும் இப்படித்தான் ஒரு செய்தி வந்தது. அப்போது மின்னஞ்சலில். மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் இந்த இரண்டு வருடத்தில் இதைக் கேட்டு என்னிடம் வந்த பிள்ளைகளில் இவன் மூன்றாவது ஆள். மூன்று பேருமே நான் இடறிய அதே கல்லை நோக்கித்தான் நடந்துகொண்டிருந்தார்கள். நான் டாக்டர் இல்லை. ஈட்டி எறிந்தவன், முதுகு போனவன், ஆபரேஷன் செய்துகொண்டவன், இப்போது பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பவன். பாஸ்போர்ட் தேதியைப் பாருங்கள், துணைக்கு ஆள் கூட்டிப் போங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

கழுத்தையும் இடுப்பையும் ஒன்றாக நினைப்பது

தம்பி எனக்குக் காட்டிய முதல் உதாரணம் ஜாக் ஐக்கல். அமெரிக்க ஐஸ் ஹாக்கி வீரர். 2021 நவம்பரில் செயற்கை டிஸ்க் வைத்தார், 2022 பிப்ரவரியில் ஆட்டத்துக்குத் திரும்பினார், 2023-ல் அவருடைய அணி ஸ்டான்லி கோப்பையை வென்றது. எல்லாம் உண்மைதான். ஆனால் அவருக்கு வைத்தது கழுத்தில். கழுத்து டிஸ்க் தாங்குவது தலையின் பாரத்தை. இடுப்பின் அடி டிஸ்க் தாங்குவது மேல் உடம்பு முழுவதையும், கபடியில் உங்களைப் பிடித்து இழுக்கிறவர்களின் பாரத்தையும் சேர்த்து. ஆபரேஷனும் வேறு, ஆறும் விதமும் வேறு. யாராவது உதாரணம் காட்டினால் முதலில் "எந்த இடத்து டிஸ்க்?" என்று கேளுங்கள்.

எம்ஆர்ஐ தாளைப் படித்துப் பயப்படுவது

"தேய்மானம்", "வீக்கம்" என்று தாளில் எழுதியிருந்தால் நமக்குக் கை கால் ஓடாது. 2015-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பு, முதுகு வலியே இல்லாதவர்களின் படங்களை வயது வாரியாகப் பார்த்தது. 20 வயதில் இருப்பவர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் தெரிந்தது. 50 வயதில் 80 சதவீதம். அவர்கள் யாருக்கும் வலி கிடையாது. படத்தில் ஒரு டிஸ்க் கறுப்பாகத் தெரிவதால் மட்டும் அதுதான் உங்கள் வலிக்குக் காரணம் என்று ஆகிவிடாது.

டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துவதால் வரும் கால் வலியிலும் பெரும்பகுதி ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் ஆபரேஷன் இல்லாமலே தணிகிறது. நம் பிள்ளைகள் மூன்று தடவை பிசியோவுக்குப் போய்விட்டு "எல்லாம் செஞ்சு பாத்தாச்சு" என்கிறார்கள். நானும் மூன்று தடவைதான் போனேன்.

எம்ஆர்ஐ குறுந்தட்டை அனுப்பிவிட்டு, வந்த பதிலை நம்பி முன்பணம் கட்டுவது

இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். இத்தனை வருடம் ஆகியும் நினைத்தால் வயிறு எரிகிறது.

செயற்கை டிஸ்க் மேல் விளையாட்டாளர்களுக்கு ஆசை வருவது இயல்பு. அதை உருவாக்கிய இருவரில் ஒருவரே விளையாட்டாளர்தான். காரின் பியூட்னர்-யான்ஸ், கிழக்கு ஜெர்மனியின் ஜிம்னாஸ்டிக் வீராங்கனை, 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வாங்கியவர். பிறகு எலும்பு மருத்துவராகி, குர்ட் ஷெல்நாக்குடன் சேர்ந்து பெர்லின் ஷரிட்டே மருத்துவமனையில் இதை வடிவமைத்தார். முதன்முதலில் ஒரு நோயாளிக்கு வைத்தது 1984-ல். அமெரிக்க அரசு இடுப்புக்கு இதை அனுமதித்தது 2004-ல்தான். எலும்புகளை ஒன்றோடொன்று இணைத்துவிடாமல் அசைவைக் காப்பாற்றுகிறது என்பதுதான் இதன் பெருமை.

அந்த அசைவுதான் நிபந்தனையும். முதுகெலும்பின் ஒவ்வொரு அடுக்கிலும் முன்னால் டிஸ்க், பின்னால் இரண்டு சின்ன மூட்டுகள். அந்த மூட்டுகளைத் தாங்கிப் பிடிக்க ஒரு மெல்லிய எலும்புப் பாலம். முன்னால் அசையும் டிஸ்க் ஒன்றை வைத்தால் எலும்பு வழுக்காமல் பிடித்துக்கொள்ள வேண்டியது பின்னால் இருக்கும் இவைதான். மூட்டு தேய்ந்திருந்தாலோ, பாலம் விரிசல் விட்டிருந்தாலோ, எலும்பு முன்னால் நகர்ந்திருந்தாலோ, எலும்பு வலுவிழந்திருந்தாலோ செயற்கை டிஸ்க் பொருந்தாது. உடம்பைத் திரும்பத் திரும்பப் பின்னால் வளைக்கிற ஆட்டக்காரர்களுக்குத்தான் அந்தப் பாலத்தில் விரிசல் அதிகம் வருகிறது. ஜிம்னாஸ்டிக், பளு தூக்குதல், கிரிக்கெட்டில் வேகப்பந்து, ஈட்டி எறிதல். ஆக, செயற்கை டிஸ்கை அதிகம் விரும்பும் நமக்கே அது பொருந்தாமல் போகவும் வாய்ப்பு அதிகம். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

நான் செய்தது இதுதான். ஈப்போவில் எம்ஆர்ஐ எடுத்தேன். இடுப்பின் கடைசி டிஸ்க் கெட்டிருக்கிறது என்றார்கள். படங்கள் இருந்த குறுந்தட்டைப் பிரதியெடுத்து இந்தியாவில் ஒரு பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினேன். இரண்டே நாளில் பதில்: "நீங்கள் செயற்கை டிஸ்குக்குத் தகுதியானவர்." கீழே கையெழுத்துப் போட்டிருந்தவர் டாக்டர் அல்ல, ஏற்பாட்டாளர். அதைக்கூட நான் கவனிக்கவில்லை. தகுதியானவர் என்ற சொல்லைப் படித்ததும் தேர்வில் பாஸானது போல இருந்தது. அம்மா இருபது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர், பிறகு செம்பனைக்கு மாறியவர். அவர் போட்டிருந்த கூட்டுச் சீட்டுப் பணத்தை முன்கூட்டியே எடுத்தார். தோட்டத்தில் பழைய லயத்து ஆட்களெல்லாம் ஐம்பதும் நூறுமாகக் கொடுத்தார்கள். கோயில் தலைவர் ஒரு உறை கொடுத்தார். 8,000 வெள்ளி (ரிங்கிட்) முன்பணம் கட்டினோம். திரும்பக் கிடைக்காது என்று எழுதியிருந்தது.

அங்கே போய்ச் சேர்ந்த மறுநாள் நிற்கவைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். முன்னால் குனியச் சொல்லி ஒன்று, பின்னால் வளையச் சொல்லி ஒன்று. பிறகு சி.டி. ஸ்கேன். சாயங்காலம் அறுவை மருத்துவர் வந்தார். நல்ல மனிதர், மறைக்காமல் சொன்னார். பின்பக்கப் பாலம் இரண்டு பக்கமும் விரிசல் விட்டிருக்கிறது, எலும்பு கொஞ்சம் முன்னால் நகர்ந்திருக்கிறது, செயற்கை டிஸ்க் வைக்க முடியாது. திருகாணியும் கம்பியும் போட்டு எலும்பை இணைத்துவிடலாம், நாளை மறுநாள் நேரம் இருக்கிறது.

யோசிக்க ஒரு ராத்திரி. அம்மா பக்கத்துக் கட்டிலில் தூங்கவில்லை, எனக்கும் தூக்கம் வரவில்லை. ஊரில் எல்லோரும் பணம் கொடுத்திருக்கிறார்கள். ஒன்றும் செய்யாமல் எப்படித் திரும்புவது? "வந்தது வந்தாச்சு, செஞ்சிட்டே போயிடலாம்" என்று காலையில் நானே சொன்னேன். கையெழுத்துப் போட்டேன். எந்த ஆபரேஷனைத் தவிர்க்க வேண்டும் என்று கடல் தாண்டிப் போனேனோ, அதையே செய்துகொண்டு வந்தேன். எல்லாம் சேர்த்து 38,000 வெள்ளி.

ஒரு வருடத்தில் வலி பாதிக்கு மேல் குறைந்தது. அதற்கு நன்றியோடு இருக்கிறேன். ஈட்டியை மறுபடி எடுக்கவில்லை. ஆனால் அந்த விரிசலுக்கு முதலில் செய்ய வேண்டியது என்ன என்று பிற்பாடுதான் தெரிந்தது: ஆட்டத்தை நிறுத்தி ஓய்வு, பிறகு மாதக்கணக்கில் வயிறு, இடுப்புத் தசைகளுக்கு முறையான பயிற்சி. அதிலேயே திடலுக்குத் திரும்பியவர்கள் நிறைய. நான் அதை ஒரு நாள்கூட முறையாகச் செய்யாமல் நேராகக் கத்திக்குப் போனேன். இதைக் காட்டிக் கொடுத்திருக்கக்கூடிய எக்ஸ்ரே, ஈப்போ அரசாங்க ஆஸ்பத்திரியில் எடுக்கக்கூடியது. அரசாங்க கிளினிக்கில் 1 வெள்ளி கட்டிக் கடிதம் வாங்கினால் நிபுணரை 5 வெள்ளிக்குப் பார்க்கலாம். தேதி கிடைக்க மாதங்கள் ஆகலாம். ஆகட்டும். காத்திருக்கும் மாதங்களில் பிசியோ செய்யுங்கள்.

ஆகவே தம்பிகளே, தங்கைகளே, ஒரு வெள்ளி கட்டும் முன் மூன்று காரியம். நின்றபடி, குனிந்து, வளைந்து எடுத்த எக்ஸ்ரே கையில் இருக்கட்டும். பின்பக்க எலும்பில் சந்தேகம் இருந்தால் சி.டி. ஸ்கேனும் வேண்டும். அந்தப் படங்களை, உங்கள் ஆபரேஷனால் ஒரு காசும் சம்பாதிக்காத ஒரு முதுகெலும்பு நிபுணரிடம் காட்டி, "என் வலி இந்த டிஸ்கிலிருந்துதான் வருகிறதா, பின் மூட்டு எப்படி இருக்கிறது?" என்று கேளுங்கள். பிறகு, வெளிநாட்டில் கத்தி பிடிக்கப் போகிற அதே மருத்துவரிடம் நேரடியாகப் பேசாமல் தேதி குறிக்காதீர்கள். அங்கே போனபின் திட்டம் மாறினால் மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு என்பதை வீட்டாரிடம் முன்பே பேசி வையுங்கள். வெறுங்கையோடு திரும்பினால் யாரும் உங்களைக் குறை சொல்ல மாட்டார்கள். எனக்குப் பணம் கொடுத்தவர்களில் ஒருவர்கூடக் குறை சொல்லியிருக்க மாட்டார். அன்று ராத்திரி எனக்கு அது புரியவில்லை.

கால் வலிக்கு டிஸ்க் மாற்றுவது

முதுகைவிடக் கால்தான் அதிகம் வலிக்கிறதென்றால், பிதுங்கிய துண்டை மட்டும் எடுக்கும் சின்ன ஆபரேஷன் போதுமா என்று கேளுங்கள். பலருக்குப் போதும்.

எந்தப் பக்கமாகத் திறப்பார்கள் என்று கேட்காமல் இருப்பது

இடுப்புக்குச் செயற்கை டிஸ்க் வைக்க வயிற்றுப் பக்கமாகத்தான் போவார்கள். முதுகெலும்புக்கு முன்னால் உடம்பின் மிகப் பெரிய ரத்தக்குழாய்கள் ஓடுகின்றன. அவற்றை ஒதுக்கிவைத்துவிட்டுத்தான் டிஸ்கைத் தொட முடியும். ரத்தக்குழாய் அறுவை மருத்துவர் கூட இருப்பாரா என்று கேளுங்கள். வயிற்றில் முன்பு ஆபரேஷன் ஆகியிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். பின்னாளில் அந்த டிஸ்கை எடுக்க வேண்டி வந்தால், தழும்பு கட்டிய குழாய்களுக்கு நடுவே மறுபடி போவது முதல் தடவையைவிட மிகவும் ஆபத்தானது.

ஆண் பிள்ளைகளிடம் யாரும் வாய் திறந்து சொல்லாத விஷயம் ஒன்று. அந்த இடத்தில் ஓடும் மெல்லிய நரம்புகள் பாதிக்கப்பட்டால் விந்து வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள் போய்விடலாம். சிலருக்குச் சில மாதங்களில் சரியாகும், சிலருக்கு ஆகாது. கல்யாணம் ஆகாதவர்கள், பிள்ளை வேண்டும் என்பவர்கள், முன்கூட்டியே விந்தைச் சேமித்து வைப்பது பற்றிக் கேளுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இணைப்பு ஆபரேஷன் என்றால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பது

கோல்ஃப் வீரர் டைகர் வுட்ஸ் 2017-ல் இடுப்புப் பக்க முதுகெலும்பை இணைத்துக்கொண்டார். 2019-ல் மாஸ்டர்ஸ் கோப்பையை வென்றார்.

சிகரெட்

அதை விட்டுவிடாமல் ஆபரேஷனுக்குப் போகாதீர்கள்.

காப்புறுதி

மருத்துவ அட்டை வெளிநாட்டுக்குச் செல்லுமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். முகவர் வாயால் சொன்னது செல்லாது.

காத்திருக்கக் கூடாத நேரம்

சிறுநீர் கழிக்க முடியாமல் போவது, உட்காரும் இடம் மரத்துப்போவது, பாதம் தூக்க முடியாமல் தொய்வது. இதில் ஒன்று வந்தாலும் வெளிநாட்டுப் பேச்சை விடுங்கள், அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள். மறுநாள் என்பது தாமதம்.

திரும்பி வந்தபின் யார் பார்ப்பார் என்று யோசிக்காமல் போவது

ஊர் திரும்பிய மூன்றாவது வாரம் என் தையலிலிருந்து நீர் கசிந்தது. டவுன் கிளினிக் டாக்டர், "உள்ளே என்ன போட்டிருக்கிறார்கள்?" என்று கேட்டார். என்னிடம் இருந்தது பில்லும் ஒரு பக்கக் கடிதமும். ஈப்போவில் பார்த்த நிபுணரும் அதையே கேட்டார். அங்கே எழுதிக் கேட்டு, பதில் வர நான்கு நாள் ஆனது. நல்லவேளை, மேல்தோலோடு நின்றது.

போகும் முன்பே இங்கே ஒரு நிபுணரிடம் "திரும்பி வந்தபின் என்னைப் பார்ப்பீர்களா?" என்று கேட்டு ஒப்புதல் வாங்குங்கள். அங்கிருந்து கிளம்பும் முன் ஆபரேஷன் குறிப்பு முழுவதும், வைத்த பொருளின் பெயரும் எண்ணும் உள்ள அட்டையும், ஆபரேஷனுக்குப் பின் எடுத்த எக்ஸ்ரேயும் கையில் வாங்காமல் பெட்டியை மூடாதீர்கள். பின்னாளில் எம்ஆர்ஐ எடுக்கப் போனாலும் அந்த அட்டையைத்தான் கேட்பார்கள். எந்தத் தேதியில் விமானம் ஏறலாம் என்பதை மருத்துவரே சொல்லட்டும், டிக்கெட் விலை சொல்லக் கூடாது. ஆபரேஷன் முடிந்த உடம்போடு மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்தால் காலில் ரத்தம் கட்டி நுரையீரலுக்குப் போகக்கூடும்.

பிற்பாடு கிடைத்த என் அட்டை இப்போது ஒரு பிளாஸ்டிக் கோப்பில் இருக்கிறது. அதைத் தம்பியிடம் காட்டினேன். திருகாணிகளின் அளவைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான். நின்றபடி எடுக்கும் எக்ஸ்ரேக்கு அவனுக்கு அடுத்த வியாழக்கிழமை தேதி கிடைத்திருக்கிறது. முன்பணம் இன்னும் கட்டவில்லை. அவன் அம்மாவுக்கு அன்று வேலை, அதனால் ஈப்போவுக்கு நான்தான் கூட்டிப் போகிறேன்.