காருக்கு டயர் வாங்கப் போகிறீர்களா? நடுவில் இருக்கும் நம்பரைப் பாருங்கள்

செகண்ட் ஹேண்டில் ஒரு ஸ்விஃப்ட் வாங்கினேன். தண்டையார்பேட்டையில் எங்கள் தெரு முனை வேகத்தடையில் ஒவ்வொரு முறையும் வண்டியின் அடிப்பக்கம் கரகரவென்று உரசும். ஷாக் அப்சர்பர் போய்விட்டது என்று நினைத்து இரண்டு மெக்கானிக்குகளிடம் காட்டினேன். ஷாக் நன்றாகத்தான் இருந்தது. டயர்தான் தப்பு.

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் காற்று அளவு எழுதிய ஸ்டிக்கர் இருக்கும். டயர் அளவும் அதிலேயே இருக்கும். என் வண்டிக்கு 165/80 ஆர்14. டயரைக் குனிந்து பார்த்தால் 185/65 ஆர்14! பழைய ஓனர் கைவரிசை. அதனால் ஓடுகிற டயரைப் பார்த்துப் புது டயர் வாங்காதீர்கள். ஸ்டிக்கர் கிழிந்திருந்தால் வண்டியோடு வந்த கையேட்டைத் தேடுங்கள்.

முதல் எண் அகலம், மில்லிமீட்டரில். கடைசி எண் ரிம் விட்டம், அங்குலத்தில். என்னைக் கவிழ்த்தது நடுவில் இருக்கும் 80. அதை 80 மி.மீ. என்றே நினைத்திருந்தேன். அது சதவீதம். ரிம் விளிம்பிலிருந்து தரை வரை நிற்கும் ரப்பர் சுவரின் உயரம், அகலத்தில் எத்தனை சதவீதம் என்ற கணக்கு. 165-ல் 80 சதவீதம் 132 மி.மீ. 185-ல் 65 சதவீதம் 120 மி.மீ. தான். பார்க்கக் குண்டு, ஆனால் குள்ளம். அந்த 12 மி.மீ. தான் வேகத்தடையில் கரகரத்தது.

மொத்த உயரத்துக்கு, ரிம் அங்குலத்தை 25.4-ஆல் பெருக்கி, சுவர் உயரத்தை இரண்டு முறை கூட்டுங்கள். 165/80 ஆர்14-க்கு 620 மி.மீ. வரும். என் டயருக்கு 596. ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது நான் போனது 77-ல். இதே காரின் உயர் ரகத்துக்கு வரும் 185/65 ஆர்15-ஐப் போட்டுப் பாருங்கள், 621 வரும். ரிம் பெரிதானாலும் உயரம் மாறவில்லை. 3 சதவீதத்துக்கு மேல் விலகினால் நான் தொடமாட்டேன். இதற்கெல்லாம் ஆப் வேண்டாம், போன் கால்குலேட்டர் போதும்.

கடையில், "இதுவும் பதினாலு, அதுவும் பதினாலுதானே தம்பி, ஏறிடும்" என்பார்கள். ஏறத்தான் செய்யும். நீங்கள் மூன்று எண்ணையும் காகிதத்தில் எழுதி நீட்டுங்கள்.

அளவுக்குப் பின்னால் 85T என்று இருக்கும். 85 என்றால் ஒரு டயர் 515 கிலோ தாங்கும். T என்றால் மணிக்கு 190 கி.மீ. வேகம் வரை. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் ஊர்கிற நமக்கு வேகம் கிடக்கட்டும், பாரம் குறையக் கூடாது. அப்புறம் நான்கு இலக்கத் தேதி. 2324 என்றால் 2024-ன் 23-வது வாரத் தயாரிப்பு.

பெரிய அலாய் ரிம், ஒல்லிச் சுவர் டயர் ஆசை இருந்தால் மணலிப் பக்கம் மழைக்காலத்தில் ஒரு நடை போய்விட்டு வந்து முடிவு செய்யுங்கள். பள்ளத்தில் இறங்கினால் ரிம் நெளியும். என் ஓட்டு உயரமான சுவருக்குத்தான்.

பின்சேர்க்கை: ஸ்டெப்னியை ஏன் சொல்லவில்லை என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயம்தான். ஸ்டெப்னி வேறு உயரமாக இருந்தால், முன்சக்கரத்தில் மாட்டி நெடுந்தூரம் ஓட்டாதீர்கள். இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்றி, அவற்றுக்கு இழுவிசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கர அமைப்பு ஓயாமல் உழைக்கும். அவர் கேட்ட பிறகுதான் என் டிக்கியைத் திறந்து பார்த்தேன். பழைய ஓனர் அதை மட்டும் மாற்றவே இல்லை. பட்டன் தேயாமல், 165/80 ஆர்14.