தண்ணீர் ஏறாத வாஷிங் மெஷின்

துணி போட்டுப் பத்து நிமிடம் ஆகியும் தண்ணீர் ஏறவில்லை. பீப் அடித்து 'ஐ.ஈ.' என்று காட்டியது. எங்கள் மெஷினில் அதற்குத் தண்ணீர் சரியாக உள்ளே வரவில்லை என்று அர்த்தம். குழாயைத் திறந்தால் வாளியில் நன்றாகவே கொட்டுகிறது. சரி, பின்பக்கம் பார்ப்போம் என்று பிளக்கைப் பிடுங்கி, குழாயை மூடி, ஹோஸைக் கழற்றினேன். தண்ணீர் நுழையும் வாயில் கட்டைவிரல் நகம் அளவு ஒரு பிளாஸ்டிக் வலை. குறடால் மெதுவாக இழுத்தால், ஓட்டையே தெரியாதபடி செம்மண்ணும் போர் தண்ணீரின் வெள்ளை உப்பும் அப்பிக் கிடக்கின்றன. போன வாரம் மொட்டைமாடித் தொட்டியைக் கழுவினோமே, அந்த வண்டல்தான்! வினிகரில் அரை மணி நேரம் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். திரும்ப மாட்டும்போது ஹோஸுக்குள் இருக்கும் ரப்பர் வாஷரை மறந்துவிட்டு வீடெல்லாம் தண்ணீர்; அது தனிக் கதை. துடைத்துவிட்டு மறுபடி ஓட்டினேன், சலசலவென்று ஏறியது.