4கே டிவியில் படம் மங்கலாகத் தெரிகிறதா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

புது 4கே டிவியை மாட்டியதும் எல்லோரும் முதலில் போடுவது வழக்கமாகப் பார்க்கும் சேனலைத்தான். முதல் ஏமாற்றமும் அங்கேதான். 4கே திரையில் 3840×2160, அதாவது ஏறத்தாழ 83 லட்சம் பிக்சல்கள் (படத்தை உருவாக்கும் நுண்புள்ளிகள்) உள்ளன. எச்டி சேனல்கள் பெரும்பாலும் 1080ஐ (1080i) அல்லது 720பி (720p), அதாவது 1080 அல்லது 720 வரிகளில்தான் ஒளிபரப்பாகின்றன. 1080 வரிகள் இருந்தாலும் மொத்தம் சுமார் 20 லட்சம் பிக்சல்தான். 720×576 அளவில் வரும் எஸ்டி (பழைய சாதாரணத் தர) சேனல் என்றால் வெறும் 4 லட்சம். அப்படியானால் திரையில் உள்ள ஒவ்வொரு 20 பிக்சலிலும் 19-ஐ டிவிக்குள் இருக்கும் சிப் தானே கணக்கிட்டு நிரப்ப வேண்டும். இதைத்தான் அப்ஸ்கேலிங் என்கிறார்கள். ஓரங்களைச் சீராக்க அதனால் முடியும். ஒளிபரப்பிலேயே இல்லாத விவரத்தைக் கொண்டுவர முடியாது. பழைய சின்ன டிவியில் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த கட்டம் கட்டமான சிதைவும் பெரிய திரையில் பெரிதாகிவிடும். ஆகவே சேனலை வைத்து டிவியை எடை போடாதீர்கள்.

அதே சேனலையே வேண்டியதைவிட மோசமாகப் பார்க்கும் வீடுகளும் உண்டு. எச்டி செட்டாப் பாக்ஸை மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனை கொண்ட ஏவி வயரில் இணைத்தால் எஸ்டி தரத்துக்கு மேல் வராது. எச்டிஎம்ஐ கேபிள்தான் போட வேண்டும். பாக்ஸின் செட்டிங்ஸில் வீடியோ அவுட்புட் 576-லேயே நின்றிருந்தால் 1080-க்கு மாற்றுங்கள். பாக்ஸில் 4கே அவுட்புட் இருந்தாலும் சாதாரண சேனலுக்கு அதைத் தேர்ந்தெடுக்கத் தேவையில்லை. நல்ல டிவியின் அப்ஸ்கேலிங் பெரும்பாலும் பாக்ஸினுடையதைவிட மேலானது. படத்தின் ஓரம் வெட்டுப்பட்டால் ஓவர்ஸ்கேன் ஆன் ஆகியிருக்கும், அணைத்துவிடுங்கள். ஷார்ப்னஸைக் கூட்டுவதால் தெளிவு கூடாது. எழுத்துகளைச் சுற்றி வெள்ளைக் கோடுதான் வரும்.

அடுத்தது இன்டர்நெட். அதிகத் தவறுகள் நடப்பது இங்கேதான். 4கே பார்க்க நெட்ஃபிளிக்ஸ் குறைந்தது 15 எம்பிபிஎஸ் (நொடிக்கு மெகாபிட்), யூடியூப் 20 எம்பிபிஎஸ் வேண்டும் என்கின்றன. "நம் பிளான் 50 ஆயிற்றே" என்று பலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். அந்த 50 ரவுட்டர் வரை வரும் வேகம். டிவி வரை எவ்வளவு வருகிறது என்பதே கேள்வி. ரவுட்டருக்குப் பக்கத்தில் நின்று போனில் ஸ்பீட் டெஸ்ட் எடுத்தால் அதற்குப் பதில் கிடைக்காது. டிவியின் பிரவுசரிலோ நெட்ஃபிளிக்ஸ் ஆப்பில் உள்ள நெட்வொர்க் சோதனையிலோ, வீட்டில் எல்லோரும் நெட் பயன்படுத்தும் இரவு நேரத்தில் எடுத்துப் பாருங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை சுவர் தாண்டிப் போகும், ஆனால் பக்கத்து வீட்டு வைஃபைகளோடு மோதித் தடுமாறும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, சுவர் குறுக்கிட்டால் சீக்கிரம் பலவீனமாகும். முடிந்தால் ரவுட்டரிலிருந்து நேராக ஒரு ஈதர்நெட் வயர் இழுத்துவிடுவதே எங்கள் பரிந்துரை. பல டிவிகளின் ஈதர்நெட் போர்ட் 100 எம்பிபிஎஸ்தான்; ஸ்ட்ரீமிங்குக்கு அது தாராளம். (4கே ப்ளூ-ரே அளவிலான கோப்புகளை வீட்டு நெட்வொர்க் வழியே ஓட்டுவோர் மட்டும் கவனிக்க வேண்டும்: அந்த டிஸ்க்கின் வேகம் உச்சத்தில் 128 எம்பிபிஎஸ் வரை போகலாம்.)

வேகம் குறைந்தால் வீடியோ நின்றுவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆப் சத்தமில்லாமல் தரத்தைக் குறைத்து ஓட்டிக்கொண்டே இருக்கும். யூடியூபில் ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ் என்ற விவரப் பட்டியலைத் திறந்தால் உண்மையில் ஓடும் ரெசல்யூஷன் தெரியும். தொடங்கியவுடனே பார்க்காமல் ஒரு நிமிடம் விட்டுப் பாருங்கள், பல நேரம் தரம் மெல்லத்தான் ஏறும். வேகம் போதுமானதாக இருந்தும் 2160, அதாவது 4கே, வரவில்லையா? சந்தா பிளானில் 4கே உண்டா என்று பாருங்கள். நெட்ஃபிளிக்ஸில் உயர்ந்த பிளானுக்குத்தான் அது. யூடியூப் தன் 4கே வீடியோக்களை விபி9, ஏவி1 கோடெக்குகளில் (வீடியோவைச் சுருக்கும் முறைகளில்) தருவதால், இவை இரண்டுமே புரியாத ஆரம்பகால 4கே டிவிகளில் அவை வரமாட்டா.

டேட்டாவையும் மறக்க வேண்டாம். 15 எம்பிபிஎஸ் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 6.75 ஜிபி. தினம் 2 மணி நேரம் பார்த்தால் மாதம் 405 ஜிபி. பிளானில் வரம்பு இருந்தால் மாதக் கடைசியில் வேகம் படுத்துவிடும்.

ஸ்ட்ரீமிங் ஸ்டிக், கேம் கன்சோல் இணைப்போர் டிவியின் எச்டிஎம்ஐ செட்டிங்ஸையும் பார்க்க வேண்டும். சாம்சங்கில் இன்புட் சிக்னல் பிளஸ், எல்ஜியில் எச்டிஎம்ஐ டீப் கலர் என்ற பெயரில் இருக்கும். இது அணைந்திருந்தால் நொடிக்கு 60 ஃபிரேமில் எச்டிஆரோடு (வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள வேறுபாட்டைக் கூட்டிக் காட்டும் வசதி) 4கே வராமல் போகலாம். நடுவில் பழைய ஆடியோ ரிசீவர் இருந்து, அதில் எச்டிசிபி 2.2 என்ற நகல் தடுப்பு வசதி இல்லையென்றால், ஸ்டிக் 1080-க்கு இறங்கிவிடும். ஸ்டிக்கை நேராக டிவியில் செருகிச் சோதித்தால் உடனே தெரிந்துவிடும். திரை அவ்வப்போது கறுத்தாலோ வெள்ளைப் புள்ளிகள் மின்னினாலோ கேபிளைச் சந்தேகியுங்கள். 60 ஃபிரேம் 4கே-க்கு 18 ஜிபிபிஎஸ் (நொடிக்கு கிகாபிட்) தாங்கும் கேபிள் போதும்.

கடைசியாக, உட்காரும் தூரம். 55 இன்ச் திரையில் ஃபுல் எச்டி பிக்சல் ஒன்று சுமார் 0.63 மில்லிமீட்டர். சராசரி நல்ல பார்வைக்கு 2.2 மீட்டருக்கு அப்பால் அது தனியாகத் தெரியாது. அதாவது 3 மீட்டர் தள்ளி உட்கார்பவருக்கு ஃபுல் எச்டியும் 4கேயும் கூர்மையில் ஒன்றுதான்; அவர் காணும் வித்தியாசம் எச்டிஆரிலிருந்தும் வண்ணத்திலிருந்தும் வருவது. அந்தக் கணக்கே, 4கேயைவிட நான்கு மடங்கு பிக்சல் கொண்ட 8கே விஷயத்தில் இன்னும் கறாரானது. ஜப்பானின் ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கே 2018 டிசம்பர் 1 அன்று 8கே சேனலைத் தொடங்கியது. ஆனால் மற்ற இடங்களில் 8கே-யில் பார்க்கக் கிடைப்பது இன்றும் மிகக் குறைவு. கிடைத்தாலும், 55 இன்ச்சில் 8கே-யின் முழு நுணுக்கத்தையும் காண அரை மீட்டர் அளவுக்கு நெருங்கி உட்கார வேண்டும். அங்கிருந்து திரையின் இரு ஓரங்களையும் பார்க்கத் தலையைத்தான் திருப்ப வேண்டியிருக்கும்.