கனடாக் குடியுரிமையும் முதல் கடவுச்சீட்டும்: நாட்களை எண்ணுவதிலிருந்து தொடங்குங்கள்

பி.ஆர். அட்டை, அதாவது கனடாவின் நிரந்தர வதிவிட அட்டை, கைக்கு வந்த அன்று எல்லோரும் செய்வது, அதைப் படமெடுத்து ஊருக்கு அனுப்புவது. அனுப்புங்கள். கையோடு ஒரு சிறு நோட்டும் வாங்கிவிடுங்கள். கனடாவை விட்டு என்று கிளம்பினீர்கள், என்று திரும்பினீர்கள், எந்த நாட்டுக்கு, எதற்காக: ஒரு பயணத்துக்கு ஒரு வரி போதும். சில ஆண்டுகள் கழித்துக் குடியுரிமைப் படிவம் கேட்கப்போவது இதைத்தான்.

நான் அப்படி எழுதி வைக்கவில்லை. பழைய மின்னஞ்சல்களில் விமான டிக்கெட்டுகளைத் தேடியே இரண்டு சனிக்கிழமைகள் போயின. எல்லாம் முடிந்தது என்று நிமிர்ந்தபோது, "பஃபலோவில் இரண்டு இரவு தங்கினோமே, அதை எழுதினீர்களா?" என்றாள் மனைவி. அமெரிக்காவுக்குக் காரில் போய் வந்த பயணம். டிக்கெட் ஏது, மின்னஞ்சல் ஏது? கணக்கில் அதனால் குறைந்தது ஒரே ஒரு நாள்தான். ஆனால் எல்லையில் நாம் கடந்து போவதும் வருவதும் பதிவாகின்றன. அந்தப் பதிவைப் பார்க்கக் குடிவரவுத் துறைக்கு ஒப்புதல் தருகிறீர்களா என்று படிவமே கேட்கிறது. விட்டுப்போன ஒரு பயணம், மற்ற எல்லாத் தேதிகளின் மீதும் சந்தேகத்தைக் கிளப்பிவிடும்.

முதல் படி: 1,095 நாட்கள்

விண்ணப்பத்தில் கையெழுத்திடும் தேதிக்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் 1,095 நாட்கள் நீங்கள் கனடா மண்ணில் இருந்திருக்க வேண்டும். வீடும் வேலையும் வங்கிக் கணக்கும் இங்கே இருந்தன என்று சொல்லிப் பயனில்லை. ஆள் இருந்தாரா என்பதே கேள்வி.

பி.ஆர். ஆன பிறகு இங்கிருந்த ஒவ்வொரு நாளும் முழு நாள். அதற்கு முன் மாணவராகவோ, வேலை அனுமதியிலோ, பார்வையாளராகவோ சட்டப்படி இருந்த நாள் அரை நாள். இந்த அரை நாட்களுக்கு 365 என்று ஒரு உச்சவரம்பும் உண்டு. அகதிக் கோரிக்கை வைத்துவிட்டுக் காத்திருந்த காலம் சேராது. கோரிக்கை ஏற்கப்பட்ட பிறகே அரை நாட்கள் சேரத் தொடங்கும்.

ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். ஒருவர் 400 நாட்கள் மாணவராக இருந்துவிட்டுப் பி.ஆர். பெறுகிறார். 400இல் பாதி 200. மீதி 895 நாட்களை அவர் பி.ஆர். ஆக இருந்து சேர்க்க வேண்டும். இடையில் தங்கையின் திருமணத்துக்காக ஜனவரி 10 கிளம்பி பிப்ரவரி 5 திரும்புகிறார். 26 நாட்கள் போயின என்று மனக்கணக்கு சொல்லும். உண்மையில் போனது 25. கிளம்பிய நாளும் திரும்பிய நாளும் கனடாவில் இருந்த நாட்களாகவே எண்ணப்படும். ஆக, பி.ஆர். ஆனதிலிருந்து 920 நாட்கள் கழிந்தால் அவர் கணக்கு நேராகும்.

இதைக் காகிதத்தில் போட வேண்டியதில்லை. குடிவரவுத் துறையின் இணையதளத்தில் இதற்கென்றே ஒரு கணிப்பான் இருக்கிறது. தேதிகளைக் கொடுத்தால் கூட்டிக் கழித்துத் தந்துவிடும். என் யோசனை ஒன்றுதான்: 1,095ஆவது நாளன்றே ஓடாதீர்கள். மூன்று நான்கு வாரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு நாள் குறைந்தாலும் விண்ணப்பம் தேறாது. கணிப்பானில் நீங்கள் கொடுத்த விண்ணப்பத் தேதியும் படிவத்தில் கையெழுத்திட்ட தேதியும் ஒன்றாக இருக்கட்டும்.

"ஆண்டுக்கு 183 நாள் இருக்க வேண்டும், மொத்தம் நான்கு ஆண்டுகள் வேண்டும்" என்று யாராவது பெரியவர் சொன்னால் அவரைக் குறை சொல்ல வேண்டாம். 2015 ஜூன் முதல் 2017 அக்டோபர் வரை சட்டம் அப்படித்தான் இருந்தது. இப்போது இல்லை. கனடியரை மணந்தால் குறுக்குவழி உண்டு என்பது மட்டும் வெறும் பேச்சு. அவர்களுக்கும் இதே 1,095தான். பெற்றோருடன் சேர்ந்து விண்ணப்பிக்கும் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கோ இந்த நாள் கணக்கே கிடையாது.

இரண்டாம் படி: காகிதங்கள்

அந்த ஐந்து ஆண்டுகளில் மூன்று ஆண்டுகளுக்காவது, சட்டப்படி தாக்கல் செய்ய வேண்டியவராக இருந்தால், வருமான வரி தாக்கல் செய்திருக்க வேண்டும். 18 முதல் 54 வயது வரை உள்ளவர்கள் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ பேசவும் கேட்டுப் புரிந்துகொள்ளவும் கனடிய மொழித் தர அளவில் 4ஆம் நிலையை எட்டியதற்குச் சான்று காட்ட வேண்டும். ஐஇஎல்டிஎஸ் பொதுப் பிரிவு, செல்பிப் போன்ற தேர்வு முடிவுகள் செல்லும். பி.ஆர். வாங்கும்போது எழுதிய தேர்வு காலாவதியாகியிருந்தாலும் குடியுரிமைக்கு ஏற்கிறார்கள். மறுபடி பணம் கட்டி எழுதிவிடாதீர்கள். ஆங்கில வழியில் படித்த பட்டத்துக்கான சான்றும் போதும், அது எந்த நாட்டுப் பட்டமானாலும்.

கடந்த நான்கு ஆண்டுகளில் வேறொரு நாட்டில் தொடர்ந்து 183 நாட்கள் இருந்திருந்தால் அந்நாட்டுக் காவல்துறைச் சான்றிதழும் வேண்டும். ஐந்தாண்டுக் காலத்தில் கையில் இருந்த கடவுச்சீட்டுகள் எல்லாவற்றின் விவரமும் கேட்பார்கள், காலாவதியானவை உட்பட. பழையதை எறியாதீர்கள்.

நம் பெயர்களுக்கென்றே ஒரு தொல்லை உண்டு. தந்தை பெயர் ஒரு ஆவணத்தில் முன்னால் நிற்கும், இன்னொன்றில் பின்னால் நிற்கும், மூன்றாவதில் ஒற்றை எழுத்தாகச் சுருங்கிக் கிடக்கும். பயன்படுத்திய வேறு பெயர்களைப் படிவம் கேட்கும் இடத்தில் அத்தனை வடிவங்களையும் எழுதிவிடுங்கள்.

கட்டணம் அவ்வப்போது மாறுவதால் துறையின் தளத்தில் பார்த்து அங்கேயே கட்டி, ரசீதை இணையுங்கள். அனுப்பிய பின் வெளிநாடு போகத் தடையில்லை, பி.ஆர். அட்டை காலாவதியாகாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: தேர்வு

இதற்கு ஏன் இவ்வளவு பயப்படுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. 20 கேள்விகள், 15 சரியாக இருந்தால் தேர்ச்சி. இதுவும் 18 முதல் 54 வயதினருக்குத்தான். "டிஸ்கவர் கனடா" என்ற அரசின் இலவசக் கையேட்டிலிருந்துதான் கேள்விகள் வரும். 1867இல் கூட்டாட்சியாக இணைந்த நான்கு மாகாணங்கள் எவை, கடைசியாக 1949இல் சேர்ந்தது எது, வடக்கே உள்ள நூனவுட் ஆட்சிப்பகுதி பிறந்தது எந்த ஆண்டு என்ற வகைக் கேள்விகள். நியூஃபவுண்ட்லாந்து, 1999 என்று உங்களுக்கு உடனே வந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. கையேட்டை இரண்டு முறை நிதானமாகப் படித்தால் போதும்.

நான்காம் படி: உறுதிமொழி

14 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் உறுதிமொழி எடுக்க வேண்டும், அதுவும் கனடாவுக்குள் இருந்துகொண்டு. மன்னர் மூன்றாம் சார்லஸுக்கு விசுவாசம் சொல்லும் வரிகளோடு, பூர்வகுடிகளின் உரிமைகளை ஏற்கும் அரசியலமைப்பைக் கடைப்பிடிப்பேன் என்ற வரியும் 2021 முதல் அதில் இருக்கிறது. இணையவழி விழாவென்றால் பி.ஆர். அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டச் சொல்வார்கள். அத்தனை ஆண்டுகள் பர்ஸில் பொத்திவைத்த அட்டை, இரண்டு துண்டாக மேசையில் கிடந்தது. கொஞ்சம் விக்கித்துத்தான் போனேன்.

பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். உறுதிமொழி எடுத்த நிமிடத்தில் நீங்கள் பி.ஆர். இல்லை. கனடியக் கடவுச்சீட்டோ இன்னும் கையில் இல்லை. இந்த இடைவெளியில் வெளிநாடு போனால், திரும்பும் விமானத்தில் ஏறக் காட்ட ஒன்றும் இருக்காது. இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களுக்கும் கனடா திரும்பக் கனடியக் கடவுச்சீட்டு வேண்டும். விழா அழைப்பு வரக்கூடிய மாதங்களில் பயண டிக்கெட் எடுப்பதை ஒத்திப்போடுங்கள்.

ஐந்தாம் படி: கடவுச்சீட்டு

விழா முடிந்து இரண்டு வேலை நாட்களாவது பொறுத்து விண்ணப்பியுங்கள். உங்கள் பதிவு மாற அவகாசம் வேண்டும். குடியுரிமைச் சான்றிதழில் பெயரையும் பிறந்த தேதியையும் எழுத்தெழுத்தாகப் பாருங்கள். பிழை இருந்தால் இப்போதே திருத்துங்கள். கடவுச்சீட்டு அந்தச் சான்றிதழைத்தான் பின்பற்றும்.

கடவுச்சீட்டு பெரியவர்களுக்கு ஐந்து அல்லது பத்து ஆண்டுகள், 16 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஐந்து ஆண்டுகள் வரை செல்லும். படம் 50க்கு 70 மில்லிமீட்டர். உத்தரவாதம் அளிப்பவர் ஒருவர் வேண்டும்: கனடியக் கடவுச்சீட்டு உள்ளவர், உங்களை இரண்டு ஆண்டுகளாவது அறிந்தவர். அவர் உறவினராகவும் இருக்கலாம். உங்களைப் பற்றிச் சான்றுரைக்க வேறு இருவரும் வேண்டும்; அவர்கள் உறவினராக இருக்கக் கூடாது. பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு மைத்துனர் பெயரைச் சான்றுரைஞராக எழுதிவிடுகிறார்கள். மூவரிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தால் தெரியாத எண் என்று துண்டித்துவிடப் போகிறார்கள்.

பழைய கடவுச்சீட்டின் கதையும் பாக்கி இருக்கிறது. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. கனடியர் ஆன நாளிலிருந்து இந்தியக் கடவுச்சீட்டில் பயணம் செய்யக் கூடாது. அதை ஒப்படைத்து அதற்கான சான்றிதழ் வாங்கிய பிறகே ஓ.சி.ஐ. அட்டைக்கு, அதாவது இந்தியா தரும் வெளிநாடு வாழ் இந்தியர் அட்டைக்கு, விண்ணப்பிக்க முடியும். இலங்கையர்களுக்கு வேறு வழி உண்டு: வேற்று நாட்டுக் குடியுரிமை பெற்றால் இலங்கைக் குடியுரிமை போய்விடும் என்றாலும், அதைத் தக்கவைக்க முன்பே விண்ணப்பிக்கலாம், போன பிறகு மீளப் பெறவும் விண்ணப்பிக்கலாம். இரண்டுக்கும் படிவம் வேறு என்பதால், உறுதிமொழி நாளுக்கு முன்பே எந்தப் பக்கம் என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.